பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேறு இன்ஜின்: உயிர் கொடுக்கும் வேலையா, உயிரை எடுக்கும் வேலையா?

2006-ல் வெளிவந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி ரேஸ் மறந்திருக்காது. மலைப்பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கும் ஹீரோவின் கார், 1967 மாடல் ஃபோர்டு மஸ்டாங். அசல் அமெரிக்கத் தயாரிப்பு. ஆனால் அதன் பானெட்டுக்குள் இருப்பது ஜப்பானின் நிசான் இன்ஜின். நொறுங்கிப்போன ஒரு சில்வியா காரிலிருந்து கழற்றி மாட்டியதாகக் கதை. இன்னொரு வேடிக்கை, அந்த இன்ஜினை நிசான் சில்வியாவில் ஒருநாளும் போட்டதில்லை. அதுவும் ஏற்கெனவே ஒரு கை மாறிய சரக்குதான்.

படம் பார்க்க ஜோர். ஆனால் கார் பிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், சண்டை நிச்சயம். "வி8 இல்லாத மஸ்டாங் மஸ்டாங்கே இல்லை" என்பார் ஒருவர். "காயலான் கடைக்குப் போக வேண்டிய கார் ரோட்டில் ஓடுதே, அது போதாதா?" என்பார் இன்னொருவர்.

இந்தச் சண்டையை இப்போது கார் கம்பெனிகளே பெரிதாக்கியிருக்கின்றன.

நிசானே இறக்கிய இன்ஜின்

2025 ஜனவரியில் நடந்த டோக்கியோ ஆட்டோ சலூன் கண்காட்சியில் நிசான் ஒரு காரைக் காட்டியது. வெளியே பார்த்தால் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் ஆர்32. 1989-ல் அறிமுகமான, ஆஸ்திரேலியர்கள் 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்த அதே கார். உள்ளே இன்ஜின் இல்லை. தலா 160 கிலோவாட் சக்தி கொண்ட இரண்டு மின் மோட்டார்கள், பேட்டரிக்காக எடுக்கப்பட்ட பின் சீட், பழைய இன்ஜினின் சத்தத்தை எழுப்ப ஸ்பீக்கர். கியர் மாற்றும்போது வரும் அந்தச் சின்ன உதறலைக்கூட மென்பொருளால் செய்திருந்தார்கள். 1,430 கிலோ இருந்த கார் கிட்டத்தட்ட 1,800 கிலோ ஆகிவிட்டது.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், வெளியே வந்த அந்த இன்ஜினைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.பி.26 என்று அதற்குப் பெயர். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 2,568 சி.சி. இந்த 2,568 என்ற எண் சும்மா வந்தது இல்லை. அன்றைய 'குரூப் ஏ' ரேஸ் விதிப்படி டர்போ இன்ஜினின் சி.சி.யை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். பெருக்கிப் பாருங்கள், 4,366 வரும். 4,500 என்ற எல்லைக்குள் நிற்கிறது. அதாவது அந்த இன்ஜின், ஒரு ரேஸை ஜெயிக்க வேண்டும் என்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. ஜெயிக்கவும் செய்தது. ஜப்பானின் குரூப் ஏ போட்டியில் 1990 முதல் 1993 வரை கலந்துகொண்ட 29 ரேஸிலும் ஆர்32-தான் முதலிடம்.

அந்த இன்ஜின் போனால் காரின் சரித்திரமே போகும் என்பது ஒரு தரப்பின் வாதம். நிசானின் விளக்கம் வேறு. ஓட்டும்போது அந்தக் கார் தரும் உணர்வை டிஜிட்டலாகப் பதிவு செய்து, பெட்ரோல் இல்லாத காலத்துப் பிள்ளைகளுக்கும் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்றது. இதே நிசான், 2017 டிசம்பரிலிருந்து ஆர்32-க்கான பழைய உதிரி பாகங்களை மறுபடி தயாரித்து விற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனி இரண்டு பக்கமும் நிற்கிறது.

ஆர்.எக்ஸ்-7: அதிகம் சண்டை நடக்கும் கார்

இந்த விவாதம் உச்சத்துக்குப் போவது மாஸ்டாவின் ஆர்.எக்ஸ்-7 காரில்தான். குறிப்பாக 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை, 'எஃப்.டி.' என்று அழைக்கப்படும் கார். மொத்தம் சுமார் 68,500 கார்கள் மட்டுமே தயாராயின.

இதில் இருப்பது ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் ஏறி இறங்கும் பிஸ்டன் கிடையாது. நீள்வட்டம் போன்ற ஓர் அறைக்குள் முக்கோண வடிவ உலோகத் துண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அது சுற்றும்போதே காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளிவிடும். இந்தக் காரில் அப்படி இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் 654 சி.சி., மொத்தம் 1,308 சி.சி. இவ்வளவு சின்ன இன்ஜினிலிருந்து டர்போ உதவியோடு 255 குதிரைத்திறன் எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் அது 280 ஆனது.

இந்த இன்ஜினுக்காக மாஸ்டா பட்ட பாடு தனிக்கதை. 1961-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடம் லைசென்ஸ் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கொஞ்ச நேரம் ஓடினாலே அறையின் உள்சுவரில் கீறல் விழுகிறது என்று. கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தக் கீறலோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 'பேய் நகம் கீறிய தடம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்களாம். 1967-ல் கார் வந்தது. 1991-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ரோட்டரி இன்ஜின் காரே ஜெயித்தது. அந்த ரேஸை ஜெயித்த முதல் ஜப்பான் கம்பெனி மாஸ்டாதான்.

சரி, இவ்வளவு பெருமை உள்ள இன்ஜினை ஏன் கழற்றி எறிகிறார்கள்?

ஓட்டுபவர்களிடம் கேட்டால் காரணம் புரியும். அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய சீல் இருக்கும். அது தேய்ந்தால் கம்ப்ரஷன் போச்சு. காலையில் ஸ்டார்ட் ஆகாது. சீல் உராயாமல் இருக்க இன்ஜினே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். அதனால் ஆயில் குறைவது நோய் இல்லை, அதன் சுபாவம். சூடு அதிகம். இரண்டு டர்போவையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்க ஏகப்பட்ட ரப்பர் குழாய்கள். 30 வருடச் சூட்டில் அவை காய்ந்து வெடிக்கும். எந்தக் குழாய் என்று கண்டுபிடிப்பதற்குள் மெக்கானிக்குக்கு வயசாகிவிடும். முக்கியமாக, ரோட்டரியைப் பிரித்துக் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அமெரிக்காவில் பலரும் போகும் வழி, ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி8. 1997-ல் கார்வெட் காரில் அறிமுகமான 5.7 லிட்டர் அலுமினிய இன்ஜின். காயலான் கடையில் கிடைக்கும், உதிரி பாகம் எங்கும் உண்டு, தெருமுனை மெக்கானிக்குக்கும் அத்துப்படி. கேம் ஷாஃப்ட் மேலே இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் உருவமும் அடக்கம். அதனால்தான் ரோட்டரி இருந்த குறுகிய இடத்திலும் அது உட்கார்ந்துவிடுகிறது.

ஆக, மாற்றுபவர் முட்டாள் இல்லை. ஐந்து வருடமாக ஷெட்டில் தூங்கும் காரை ரோட்டுக்குக் கொண்டுவருகிறார். ஆனால் அவர் இழப்பது என்ன என்பதும் உண்மைதான். எஃப்.டி.யின் பானெட் அவ்வளவு தாழ்வாக இருப்பதற்குக் காரணமே ரோட்டரி சின்னது என்பதுதான். இன்ஜினை முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்ததும் அதனால்தான். வி8 போட்ட எஃப்.டி. வேகமான கார்தான், நம்பகமான கார்தான். ஆனால் 8,000 சுற்றுக்கு ஏறும்போது எழும் அந்தத் தேனீக் கூட்டச் சத்தம் அதில் வராது. அது இன்னொரு கார்வெட்.

எண் பொருந்தினால் விலை வேறு

உணர்ச்சியை ஓரம்கட்டிவிட்டுப் பணத்துக்கு வருவோம். பழைய கார் சந்தையில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. தொழிற்சாலையில் அந்த சேசிஸோடு பிறந்த அதே இன்ஜின், எண் மாறாமல் இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம். எண் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. ஃபெராரி நிறுவனம் 'கிளாசிகே' என்ற பெயரில் பழைய கார்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், சேசிஸ் எல்லாம் அந்தக் காருக்கு உரியவைதானா என்று பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் 1989 முதல் 1994 வரை வந்த போர்ஷே 911 கார்களை எடுத்து, பெரிய இன்ஜின், புது பாடி என்று அடியோடு மாற்றித் தருகிறது. விலை ஒரிஜினல் காரைவிடப் பல மடங்கு. மாற்றினாலே மதிப்பு போய்விடும் என்பது பொதுவிதி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கர் போடுவதும் போர்ஷேவின் அதே காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் பரம்பரைதான். ஊர் மாறி, மதம் மாறி ஒரு வி8 வரவில்லை.

திரும்பி வர வழி இருக்கிறதா?

இங்கேதான் விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. மாற்றலாமா கூடாதா என்பதைவிட, மாற்றிய பிறகு பழையபடி ஆக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி.

2018 மே மாதம் இளவரசர் ஹாரி தன் திருமண வரவேற்புக்கு மனைவி மேகனை அழைத்துச் சென்ற நீலநிற ஜாகுவார் நினைவிருக்கிறதா? 1968 மாடல் இ-டைப். அதில் இன்ஜின் இல்லை, பேட்டரிதான். ஆனால் பழைய இன்ஜின் இருந்த இடத்திலேயே பேட்டரி பொருந்தும்படி செய்ததால், வேண்டுமானால் பெட்ரோல் இன்ஜினைத் திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம் என்றது ஜாகுவார்.

பழங்கால வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான 'ஃபிவா' இதையும் முழுசாக ஏற்கவில்லை. மின்சாரத்துக்கு மாறிய கார், அந்த நிலையில் வரலாற்று வாகனம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. அப்படியும் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு அது சொல்வது: திருப்பக்கூடிய மாற்றமாகச் செய்யுங்கள், கழற்றிய பாகங்களைக் குறித்து வைத்துப் பத்திரப்படுத்துங்கள். கார் புதிதாக இருந்த காலத்திலேயே செய்த மாற்றமாக இருந்தால் அதுவும் வரலாறுதான் என்று ஏற்றுக்கொள்கிறது.

இன்ஜின் தாங்கிகளை மட்டும் மாற்றி போல்ட்டில் பொருத்துவது ஒரு ரகம். இடம் போதவில்லை என்று கட்டிங் மெஷினை எடுத்து பாடியை அறுப்பது இன்னொரு ரகம். அறுத்த தகட்டை ஒட்டலாம், அறுக்காத மாதிரி ஆக்க முடியாது. கழற்றிய ரோட்டரியை எண்ணெய் தடவி மூடி வைத்தவருக்கும், அதை எடைக்குப் போட்டவருக்கும் வித்தியாசம் உண்டு.

நம்ம ஊர் கான்டஸா

இந்தியாவில் ஆர்.எக்ஸ்-7-ஐப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் இதே கேள்வியை எழுப்பும் கார் ஒன்று நம்மிடமும் உண்டு. தமிழ் சினிமா வில்லன்களின் வாகனமாக ஒரு காலத்தில் வலம்வந்த கான்டஸா.

இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்தின் 1970-களின் டிசைனை வாங்கி, 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தது. பார்க்க அமெரிக்க மசில் கார் மாதிரி இருக்கும். பானெட்டுக்குள் இருந்ததோ அம்பாசிடரின் அதே 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். யானைக்கு மாட்டுவண்டி நுகத்தடி பூட்டிய கதை. சில வருடங்களில் கம்பெனியே அதைக் கழற்றிவிட்டு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைப் போட்டு 'கிளாசிக்' என்று விற்றது. ஆக, கான்டஸாவின் பெருமைக்குக் காரணமே ஓர் இன்ஜின் மாற்றம்தான். இன்று அதில் டொயோட்டா இன்ஜின் போடும் இளைஞர்களிடம் "ஒரிஜினலைக் கெடுக்கிறீர்கள்" என்று சொன்னால், "எந்த ஒரிஜினல்?" என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த நியாயம் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் என்று வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாறுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது கான்டஸாவை முறைப்படி மின்சார காராக்க சட்டத்தில் வழி இருக்கிறது, இஷ்டத்துக்கு டொயோட்டா ஆறு சிலிண்டர் போட வழி இல்லை! மீறினால் 182ஏ பிரிவின்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். காரின் வருடத்துக்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய இன்ஜினைப் போடலாம், அந்த இன்ஜினின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுசாக இருக்க வேண்டும், அரசு நியமித்த பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அப்படி ஒரு கதவு இங்கே இல்லை. அதனால்தான் நம்ம ஊரில் இந்த வேலை பெரும்பாலும் ரகசியமாக, பரிசோதனை எதுவும் இல்லாமல் நடக்கிறது. 50 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கோடு 300 குதிரைத்திறன் இன்ஜின் ஓடுவது, ஒரிஜினலா இல்லையா என்ற விவாதத்தைவிடப் பயப்பட வேண்டிய விஷயம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, ஒரிஜினல் வடிவம் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. 1984-ல் பதிவான முதல் கான்டஸாக்களுக்கு 2034-ல் 50 வயது ஆகிறது.