நாற்காலிக்குப் பின் வந்த பட்டம்

பெங்களூரு மாநகராட்சி கெம்பேகௌடா பெயரில் ஆண்டுதோறும் கொடுத்துவந்த விருதில் இசை, நாடகம், இலக்கியம், விளையாட்டு, சமூக சேவை எல்லாம் அடங்கும். நகரை நிறுவியவர் பெயரில் நகரமே தரும் விருது அது. ஆனால், பெறுவோர் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்ட ஆண்டும் உண்டு. அத்தனை பேர் ஏறி இறங்கும் மேடையில், யார் என்ன சாதித்தார் என்று சொல்ல நேரம் ஏது? 2025 செப்டம்பரில் அந்த ஒற்றை மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. விருதைத் திருத்தி அமைக்க இதுவே தருணம். திருத்த முனைபவர்கள் சென்னையின் சங்கீத கலாநிதி விருதின் வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும். அது அரசு தரும் விருதல்ல. மியூசிக் அகாடமி என்ற இசைச் சபை தருவது. ஆனாலும், மார்கழியில் சென்னை நகரமே அதைத் தன் விருதாக நினைத்துச் சண்டை போடுகிறது.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. 1929 முதல் ஆண்டு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த வித்வான் தலைவர். பட்டம் எதுவும் கிடையாது, வேலைதான் உண்டு. ஒரு ராகத்தின் லட்சணம் என்ன, எந்தப் பிரயோகம் செல்லும், எது செல்லாது என்று வித்வான்கள் பாடிக்காட்டியும் பண்டிதர்கள் நூல்களைக் காட்டியும் வாதிடுவார்கள். அந்த விவாதத்தை நடத்திச் செல்பவர் தலைவர். 1930 முதல் வெளிவரும் அகாடமியின் ஆய்விதழில் அந்த விவாதங்கள் பதிவாகியிருக்கின்றன.

1942-ல், கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் அகாடமியின் தலைவராக இருந்தபோதுதான், மாநாட்டுத் தலைவருக்குச் சங்கீத கலாநிதி என்ற பட்டம் தருவதென முடிவாயிற்று. அதற்கு முன் தலைமை வகித்தவர்களுக்கும் பின்னோக்கிச் சென்று அது வழங்கப்பட்டது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், 1935-ல் தலைமை வகித்த மைசூர் வாசுதேவாச்சாரும், 1938-ல் தலைமை வகித்த அரியக்குடியும் அப்படித்தான் கலாநிதிகள் ஆனார்கள். உழைப்பு முந்தியது, பட்டம் பிந்தியது. இன்றைக்கும் விருதாளர் டிசம்பர் காலை அமர்வுகளுக்குத் தலைமை வகித்த பிறகுதான் ஜனவரி 1 அன்று சதஸ் என்னும் பட்டமளிப்பு விழாவில் பட்டம் பெறுகிறார். ஒரு பதக்கமும் பிருது பத்திரமும் இத்தனை கனம் பெற்றதற்கு இந்த வரிசைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் தலைமை நாற்காலி யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். வீணை தனம்மாள் 1938-ல் மறைந்தார்; சென்னையின் பெரிய வித்வான்களெல்லாம் அவர் வீட்டு வாசிப்பைக் கேட்கப் போனவர்கள். ஆனால், அந்த நாற்காலியில் ஒரு பெண் அமர 1968 வரை, எம்.எஸ். சுப்புலட்சுமி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. தனம்மாளின் பேத்திகள் பாலசரஸ்வதிக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் பட்டம் வந்தது. பேரன் விஸ்வநாதனுக்கு 1988-ல். பாட்டிக்குக் கிடைக்காத இடத்துக்குப் பேரப்பிள்ளைகள் மூவர் வந்தார்கள்.

நடனத்தின் கதை இன்னும் வேதனையானது. 1931-ல் கல்யாணி என்ற தேவதாசிக் கலைஞரின் மகள்களை ஆடவைத்து, தேவதாசிகளின் சதிர் ஆட்டத்துக்கு மேடை தந்தது இதே அகாடமிதான். பரதநாட்டியம் என்ற பெயரை 1932-ல் தீர்மானம் போட்டு ஏற்றதும் இதே சபைதான். அதற்குப் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்தே ஒரு நடனக் கலைஞர் அந்த நாற்காலிக்கு வந்தார். சங்கீத கலாநிதி பெற்ற நடனக் கலைஞர் இன்றுவரை பாலசரஸ்வதி ஒருவரே. தலைமை வகிப்பவர் சாஸ்திரம் பேசவும் தெரிந்தவராக இருக்க வேண்டுமே என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பாலசரஸ்வதி ஆற்றிய தலைமையுரையை நடனம் கற்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பரம்பரைக் கலைஞர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், டாக்டர்கள், நீதிபதிகள். சாதியால் பிராமணர்கள், பாலால் ஆண்கள்.

வாத்தியங்களுக்கும் இதே நிலைதான். 1956-ல் நாகஸ்வர வித்வான் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி, இன்னொரு நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை பட்டம் இல்லாமலே மறைந்தார். தோடி ராகம் என்றால் இன்றும் நினைவுக்கு வரும் கலைஞர் அவர். மிருதங்கத்துக்கு முதன்முதலில் 1966-ல், பாலக்காடு மணி ஐயர் வழியாக நாற்காலி கிடைத்தது. உமையாள்புரம் சிவராமனுக்கு 2001-ல். தவிலுக்கு, வலையப்பட்டி சுப்பிரமணியம் வழியாக, 2009-ல்தான். கோயிலிலும் கல்யாணத்திலும் தவில் இல்லாமல் எதுவும் தொடங்காத நாட்டில், எண்பதாண்டுக் காத்திருப்பு!

2024-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு இந்தப் பட்டத்தை அறிவித்தபோது, அதை எதிர்த்து, சில கலைஞர்கள் அந்த ஆண்டு விழாவிலிருந்தே விலகினார்கள். எம்.எஸ். பெயரில் ஒரு நாளிதழ் தரும் பரிசு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பரிசு வேறு, கலாநிதி பட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அதிகம். இத்தனைக்கும் நடுவே காலை அமர்வுகள் நடந்தன, கிருஷ்ணா தலைமை வகித்தார், 2025 ஜனவரி 1 அன்று பட்டமும் பெற்றார். விருதாளருக்கு ஒரு வேலை இருந்ததால்தான், கூச்சல் ஓய்ந்த பிறகும் பேசுவதற்கு இசை மிச்சமிருந்தது.

கர்நாடகத்தவர்க்கு அந்த நாற்காலி புதிதல்ல. வாசுதேவாச்சாருக்குப் பிறகு 1957-ல் வயலின் சௌடையா, 1984-ல் வீணை துரைசாமி ஐயங்கார், 1995-ல் ஆர்.கே. ஸ்ரீகண்டன் என்று தொடர்ந்தார்கள். பின்னவர் இருவரும் பெங்களூரு வானொலி நிலையத்தில் பணியாற்றியவர்கள். இந்த ஊருக்கு எடுத்துக்காட்டுகள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

ஐந்து மாநகராட்சிகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஐந்து கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் வேலை கொடுக்கட்டும்: ஞாயிறுதோறும் பொது அரங்கில் தன் கலையைப் பற்றிப் பேசவும், செய்துகாட்டவும், மறுப்பவர்களுக்குப் பதில் சொல்லவும். அதில் ஓர் அரங்கு பொம்மசந்திராவில் அமைய வேண்டும். பழைய மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஆனேகல் தாலுகாவில் உள்ள ஊர் இது. ஆனால், 2025 ஆகஸ்ட் முதல் ஆர்.வி. ரோட்டிலிருந்து வரும் மஞ்சள் மெட்ரோ இங்கேதான் முடிகிறது. இங்குள்ள தொழிற்சாலைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் பறை அடித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வார விடுமுறை ஞாயிறு என்பதால்தான் அந்தக் கிழமையைச் சொல்கிறேன்.

பறையைப் போன்ற தமட்டெ வாத்தியக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-ல் டெல்லி பத்மஸ்ரீ கொடுத்தது. பெங்களூரு தன் விருதைப் புதிதாகத் தொடங்கும் முதல் ஆண்டிலேயே ஒரு தமட்டெ கலைஞரை நாற்காலியில் அமர்த்த வேண்டும். அந்த வாத்தியத்தைத் தவிலைப் போல எண்பது ஆண்டு காக்க வைக்கக் கூடாது.