மலை ஏறும் ஸ்கூட்டர். கீழே நிற்கும் மின்சாரம்!

சனிக்கிழமை வந்துவிட்டால் போதும். முதுகில் ஒரு பை. தலையில் ஹெல்மெட். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வாலிபர்கள் ஸ்கூட்டரைத் தட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். எங்கே? ஏலகிரி, ஏற்காடு, ஜவ்வாது மலை!

முன்பெல்லாம் பெட்ரோல் வண்டி. இப்போது பேட்டரி வண்டி. சத்தம் இல்லை, புகை இல்லை. பெட்ரோல் பங்கில் பர்சைத் திறக்கும் வேலையும் இல்லை. ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போகத்தான் லாயக்கு என்று சொல்லப்பட்ட வண்டி, இன்று மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறது. ஜெர்மனிப் பெண் சிந்யே காட்வால்ட் 2022-23ல் ஸ்பெயினில் கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை மின்சார மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகப் போய்ச் சேர்ந்தார். அப்படி இருக்க, நம்ம ஊர் பையன்கள் ஜமுனாமரத்தூர் போவதற்கு என்ன குறைச்சல்?

போகலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போக வேண்டும்!

மலை கேட்கும் கட்டணம்

3 யூனிட் கொள்ளும் பேட்டரி, சமதளத்தில் 90 அல்லது 100 கிலோ மீட்டர் ஓடும். விளம்பரத்தில் போடும் தூரம் வேறு. ரோட்டில் ஓடும் தூரம் வேறு. சென்னையிலிருந்து வேலூருக்கே சுமார் 140 கிலோ மீட்டர். நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டே தீர வேண்டும். வேலூரிலோ போளூரிலோ மறுபடியும் போட வேண்டும். வீட்டு பிளக்கில் மாட்டினால் முழுசாக ஏற நாலு, ஐந்து மணி நேரம் ஆகும்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான். ஆனால் அது மலைப்பாதை. வண்டியும் இரண்டு ஆளும் பையுமாக 260 கிலோவை அரை கிலோ மீட்டருக்கு மேல் உயரத் தூக்க வேண்டும். அதற்கு மட்டும் கிட்டத்தட்ட அரை யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சமதளத்தில் 15 கிலோ மீட்டர் ஓடுகிற மின்சாரத்தை மலை வாங்கிக்கொள்கிறது! இறங்கும்போது கொஞ்சம் திருப்பித் தரும். முழுசாகத் தராது.

ஏறி இறங்கினால் மட்டும் சரி. பீமன் மடவு அருவி பார்க்க வேண்டும், காவலூர் போக வேண்டும், ஆலங்காயம் பக்கம் இறங்க வேண்டும் என்று சுற்றினால் பேட்டரி காலி. பிறகு காட்டு ரோட்டில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்!

விளக்கைச் சுற்றி வெளிச்சம்

வேடிக்கையைப் பாருங்கள். மின்சார ஸ்கூட்டர் தயாராவது எங்கே? ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர். போச்சம்பள்ளியில் ஓலா. ராணிப்பேட்டையில் ஆம்பியர். மலையைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலேயே வண்டி தயாராகி நாடெல்லாம் போகிறது. நடுவில் நிற்கும் மலைக்கு?

காவலூரில் வைணு பாப்பு பெயரில் வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று கண்டறிந்ததில் அந்த ஊருக்கும் பங்கு உண்டு. யுரேனஸ் வரை எட்டிப் பார்த்த மலையில், ஸ்கூட்டருக்கு நாலு பிளக் கேட்பது பேராசையா?

பெரிய நிலையம் வேண்டாம். மழை படாத கூரை, 15 ஆம்பியர் பிளக் நாலு, ஒரு மீட்டர். பஸ் நிலையத்திலோ, தாலுகா ஆபீஸ் வாசலிலோ, படகுத் துறையிலோ வைக்கலாம். உள்ளூர் மகளிர் குழுவிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கும் நாலு காசு. வண்டி சார்ஜ் ஆகும் நேரத்தில் வந்தவர் சும்மா இருப்பாரா? டீ குடிப்பார். சாமை அரிசி வாங்குவார். தேன் வாங்குவார். மத்திய அரசு 2024ல் கொண்டு வந்த மின்வாகனத் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜ் நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மலைக்காரன் பங்கு எங்கே என்று கேட்பதில் தப்பில்லை.

உயிர் முக்கியம்

ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். அதன் பிறகே பேட்டரி பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் முதல் படிப்படியாக அமலுக்கு வந்தன. விதி வந்துவிட்டது என்று அசட்டையாக இருக்கக் கூடாது. மலை ஏறிய சூட்டோடு பிளக்கில் மாட்டாதீர்கள். பேட்டரி ஆறட்டும். லாட்ஜ் அறைக்குள், வாசற்படிக்குக் குறுக்கே, படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

லைசென்ஸ் கேட்காத 25 கிலோ மீட்டர் வேக வண்டி தெருவுக்குத்தான். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலைக்கு அனுப்பும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

மலை ரோடு விளையாட்டல்ல. 2022 ஏப்ரலில் புதூர்நாடு அருகே செம்பரையில் கோவிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் செத்தார்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, பெற்றவள் பிணத்தைக் கையில் ஏந்தி மைல் கணக்கில் நடந்தாள்.

ஆகவே சார்ஜ் நிலையம் வேண்டும் என்று கேட்கும்போது வரிசை தவறக் கூடாது. முதலில் ரோடு. வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவர். ஆம்புலன்ஸ் ஊர் வாசல் வரை போக வேண்டும். பின்னாலேயே பிளக் வரட்டும். அதுவும் வாரம் ஒரு நாள் வருகிற பட்டணத்துக்காரருக்கு மட்டுமல்ல. சந்தைக்குப் புளி மூட்டை ஏற்றி இறங்கும் மலைவாசிக்கும் சேர்த்து!

பட்டணத்துக்காரருக்கு பேட்டரி தீர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீண். மலைக்காரருக்கு ரோடு இல்லாவிட்டால் உயிரே போகிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூன்று மாவட்ட அதிகாரிகளும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

உட்காருவார்களா?