அடைப்பு உயரவில்லை, பல் தேய்ந்திருக்கிறது

“அடைத்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அடைப்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. போட்ட மருந்து சரியில்லை போலிருக்கிறது.” பல் மருத்துவரிடம் நோயாளிகள் அடிக்கடி தெரிவிக்கும் மனக்குறை இது. இவர்களுள் சிலருக்கு அடைப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பல்தான் அமிலத்தில் கரைந்து தாழ்ந்திருக்கிறது. அத்தகையோருக்கு, அமிலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் அடைப்பை மட்டும் மாற்றுவது பாதி மருத்துவமே என்பது என் கருத்து.

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. ஆயினும் வாயின் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2க்கும் 3க்கும் இடைப்பட்ட அளவுடையவை. இரைப்பை அமிலம் அவற்றினும் கடுமையானது. சொத்தை உண்டாகக் கிருமிகள் வேண்டும். இந்த அரிப்புக்கு அமிலம் ஒன்றே போதும்.

வெள்ளி நிற அமால்கமும் பல் நிறக் காம்போசிட்டும் அமிலத்தை எனாமலைவிட நன்றாகத் தாங்குகின்றன. அதனால்தான் சுற்றிலும் பல் தாழ, அடைப்பு மட்டும் தீவுபோல் நிற்கிறது. கிளாஸ் அயனோமர் அடைப்போ அமிலத்தில் தானும் கரையக்கூடியது. எவ்வகையாயினும், அடைப்பின் விளிம்பில் பல் கரைந்தால் அங்கே கூச்சமும் கறையும் தோன்றலாம்; புதிய சொத்தைக்கும் வழி ஏற்படலாம்.

அடைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லிலும் சிறிதளவு இழக்க நேர்கிறது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, எந்த அடைப்பு என்பது இரண்டாவது கேள்வி. அமிலம் எங்கிருந்து என்பதே முதற்கேள்வி. மருத்துவர் அதைக் கேட்க வேண்டும். நோயாளியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரை, இரவில் புளித்த ஏப்பம், கர்ப்ப கால வாந்தி, வாயை உலர்த்தும் மருந்துகள் ஆகிய அனைத்தும் பல் மருத்துவர் அறிய வேண்டியவை. மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்திருந்தால், வயிற்றிலிருந்து அமிலம் மேலேறுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சலை உணராதவர்களுக்கும் இது பொருந்தும்.

“நம் முன்னோர் புளியும் எலுமிச்சையும் உண்ணவில்லையா?” என்று கேட்கலாம். உண்டார்கள், சோற்றோடு சேர்த்து, உணவு வேளையில் உண்டார்கள். உணவை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கிறது. குளிர்பானத்தையோ பழச்சாற்றையோ நாள் முழுவதும் மிடறு மிடறாக அருந்தினால் உமிழ்நீருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. எவ்வளவு அருந்துகிறோம் என்பதைவிட எத்தனை முறை அருந்துகிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம்.

நோயாளியைக் கவனித்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கிவிடாதீர்கள். அமிலத்தால் மென்மையுற்ற எனாமலைத் தூரிகை எளிதில் தேய்த்துவிடும். முதலில் வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்; அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து ஃபுளோரைடு பற்பசையால் துலக்கலாம். புளிப்பான பானங்களுக்குப் பிறகும் இதுவே முறை. வாய் உலர்கிறது என்பதற்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். அதை எழுதித்தந்த மருத்துவரிடம் கூறுங்கள்.

அடைப்பு மாற்ற வரும் நாளில், முந்தைய ஒரு வாரம் உண்டதையும் பருகியதையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். புதிய அடைப்பு நெடுநாள் நிலைப்பதற்கு அந்தத் தாள் பெரிதும் உதவும்.