மூளையின் நோய்க்கு வேப்பிலையா?



காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் ரோட்டில் இருக்கும் தாமல் கிராமம் உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். அவ்வூர்ப் பக்கம் பட்டுத்தறி நெய்து பிழைக்கும் ஒரு வீட்டில் நடந்த காரியத்தை, பேரைச் சொல்லாமல், இங்கு எழுத வேண்டியிருக்கின்றது. பேர் சொல்லாததற்குக் காரணம், நம் நாட்டில் ஒருவனுக்கு மார்பில் நோய் வந்தால் அனுதாபமும், மூளையில் நோய் வந்தால் கேலியும் கிடைப்பதேயாகும்.

பையனுக்கு 19 வயது. தகப்பனார் நெய்யும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டு வந்தவன்; சாதுவான பிள்ளை. ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டான். இரவில் தூக்கமில்லை, தூங்காததால் களைப்புமில்லை. பேச்சு ஓயவில்லை. பத்துத் தறி போடப் போவதாகச் சொல்லிக் கடனுக்கு ஜரிகை வாங்கிக் குவித்தான். தடுத்த தகப்பனார்மீது கை ஓங்கினான். சும்மா பார்த்த எதிர்வீட்டுக்காரரிடம், "என்னை ஏன் முறைக்கின்றாய்?" என்று சண்டைக்குப் போனான். பிறகு சில வாரங்களில் இதெல்லாம் அடங்கி, தறிக்குழியில் இறங்கவும் சோற்றில் கை வைக்கவும் மனமின்றி, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். செத்துப்போக வேண்டும் என்றும் சொன்னான்.

ஊரார் கூடினார்கள். டாக்டரிடம் கொண்டுபோகவா? இல்லை. இருட்டிய பின் ஏரிக்கரைக்குப் போனதால் காற்றுப் பட்டது என்றார் ஒருவர். பங்காளி வைத்த சூனியம் என்றார் இன்னொருவர். ஜோசியர் ஏழரைச் சனி என்றார். மாந்திரீகரோ 3 அமாவாசை வரவேண்டும் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட் போட்டார். சேலைக்கு வாங்கியிருந்த முன்பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு கோவிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். விடிய விடிய உடுக்கை, பகலெல்லாம் பட்டினி, முதுகில் வேப்பிலை அடி. அங்கேயே மறுபடியும் வெறி கிளம்பவே, காலில் சங்கிலியும் போட்டார்கள்.

நாம் கேட்கின்றோம்: பேய்க்கு வயது பார்க்கத் தெரியுமா? இந்நோய் பெரும்பாலும் 15-லிருந்து 25 வயதுக்குள்ளாகவே தலைகாட்டுகின்றது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதே வயதுதான். அதே தூக்கமின்மை, அதே ஊதாரிச் செலவு, பிறகு அதே சோர்வுதான். தாமல் ஏரிக்கரைப் பேய் கப்பலேறி அங்கெல்லாம் போயிற்றா? அல்லது நம் பங்காளிகளுக்கு அங்கேயும் பாகப்பிரிவினை வழக்கு இருக்கின்றதா?

இதை இருதுருவ மனநோய், பைபோலார், என்று டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். ஒரு துருவத்தில் அளவு கடந்த எழுச்சி, மற்றதில் அளவு கடந்த சோர்வு. மூளையின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பைப் போன்ற இரண்டு பாகங்கள் இருக்கின்றன. அமிக்டலா என்று பேர். பயத்தையும் ஆபத்தையும் சட்டென்று மோப்பம் பிடிப்பது அவற்றின் வேலை. "பொறு, இது ஒன்றுமில்லை" என்று அவற்றைப் பிடித்து நிறுத்துவது நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளையின் வேலை. அந்த முன்மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகின்றது.

2006-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்நோயுள்ள பிள்ளைகளுக்கு முகப்படங்களைக் காட்டி, அச்சமயம் மூளை வேலை செய்வதைக் காந்த ஸ்கேனில் பார்த்தார்கள். கோபமோ சிரிப்போ ஒன்றுமில்லாத வெறும் முகத்தை, மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் அதிகப் பகையுள்ள முகமாகக் கண்டார்கள். அமிக்டலாவும் அதிகமாக வேலை செய்தது. முன்மூளையின் பிடி தளர்ந்திருப்பதைப் பின்னால் நடந்த பல சோதனைகளும் காட்டின. ஆகவே எதிர்வீட்டுக்காரர் முறைத்தார் என்று நம் பையன் சொன்னது பொய்யுமல்ல, பேயுமல்ல. அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் எடுத்து இன்னாருக்கு இந்நோய் என்று கண்டுபிடித்துவிட இன்றைக்கும் முடியாது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் நடந்ததையெல்லாம் டாக்டர் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேனில் காட்டித் தருகின்றேன் என்று பணம் கேட்பவன் மாந்திரீகனுக்குத் தம்பியேயாவான்.

நிற்க, நம்மவர்களிலும் சிலர், "பேயுமில்லை, பிசாசுமில்லை, எல்லாம் திமிர், நாலு அறை விட்டால் தெளியும்" என்று சொல்லிவிட்டு, அதைப் பகுத்தறிவு என்றும் எண்ணிக்கொள்ளுகின்றார்கள். சர்க்கரை வியாதிக்காரனிடம், "உன் சர்க்கரையை நீயே அடக்கிக்கொள்" என்பார்களா? அடக்கும் உறுப்பே நோய்ப்பட்டிருக்கும்போது அடக்கவில்லையே என்று அடிப்பதற்கும் வேப்பிலை அடிக்கும் என்ன வித்தியாசம்?

கோவிலில் நடந்த வைத்தியத்தைக் கவனியுங்கள். இந்நோய்க்காரருக்குத் தூக்கம் கெட்டால் எழுச்சி கிளம்பும் என்பது டாக்டர்கள் நன்றாய்க் கண்டறிந்த விஷயம். அப்படிப்பட்டவனையா இரவெல்லாம் உடுக்கையடித்து விழிக்க வைப்பது? மேலும், ஒரு தடவை வந்த எழுச்சியோ சோர்வோ சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிவதும் உண்டு. தணிகின்ற சமயத்தில் எவர் கையில் வேப்பிலை இருக்கின்றதோ அவருக்குப் புகழும் தட்சணையும். மறுபடி வந்தாலோ, குடும்பத்தாருக்குப் பக்தி போதாது! இதைவிட நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் உண்டா?

சங்கிலியின் யோக்கியதையை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களைக் கட்டி வைத்திருந்த ஒரு விடுதியில், 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி தீப்பிடித்தது. சங்கிலியோடு கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். கோவிலானால் என்ன, தர்காவானால் என்ன, மாதாகோவிலானால் என்ன, ஒரு சாமியும் பூட்டைத் திறக்கவில்லை. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகின்றது. இன்னமும் போடுகின்றவர்கள் நோயாளிக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் குற்றவாளிகள்.

இன்னொரு அக்கிரமம், "கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்துக் கலியாணம் செய்வது. வருகின்ற பெண் மனுஷியா, மாத்திரையா?

மருந்து இல்லாமலில்லை. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், லித்தியம் என்னும் உப்பை எழுச்சி நோயாளிகள் 10 பேருக்குக் கொடுத்துக் குணம் கண்டு எழுதினார். மண்ணிலிருந்து எடுக்கும் உப்பு! அது இன்றும் முதல்தரமான மருந்து, தற்கொலையையும் குறைக்கின்றது. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து அளவறிந்து தரவேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்து வரவேண்டும். அதைச் சாப்பிடுகின்றவர் பட்டினி விரதம் இருந்து, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காவடி தூக்கினால், ரத்தத்தில் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். லித்தியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன. நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது.

இதற்கு அரசு மருத்துவமனையில் காசில்லாமல் வைத்தியம் கிடைக்கின்றது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். 1794-ல் தொடங்கிய சென்னை மனநோய் ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் இருக்கின்றது என்பதற்காக, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவிலும் டீக்கடையிலும் சிரிக்கின்றோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பல தாய்மார் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல் கோவிலுக்கு அழைத்துப் போகின்றார்கள்.

தாமல் பையன் இப்போது மாத்திரை சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தறியில் உட்காருகின்றான். கையில் தாயார் கட்டிய கயிறு இன்னும் இருக்கின்றது. அதற்காக நாம் அந்த அம்மாளிடம் சண்டை போடவில்லை. தகப்பனார் மாத்திரம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாந்திரீகரிடம் போனார். "குணமானது என் மூன்றாவது அமாவாசையால்தான், மீதிப் பணம் எங்கே?" என்றாராம் அவர்.