வீட்டில் பவளத் தொட்டி: விளக்கு வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சி இது. இருட்டு அறை. நீல வெளிச்சத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சை, ஊதா, ஆரஞ்சு என மின்னும் பவளங்கள், நடுவில் ஒரு கோமாளி மீன். பார்த்ததும் 'நம்ம வீட்டு ஹாலிலும் ஒண்ணு வைக்கலாமே' என்று தோன்றும். விளக்கு ஆன்லைனில் கிடைக்கிறது, இஎம்ஐ வசதியும் இருக்கிறது. கடலே இல்லாத பாடாலூரில்கூட இரண்டு நாளில் பார்சல் வந்துவிடும்.

விளக்கை வாங்கிவிடலாம். அதன் கீழே வைக்கப் போகும் உயிரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

வெளிச்சம்தான் சாப்பாடு

பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது. அதனால் பவளத் தொட்டியில் விளக்கு அலங்காரப் பொருள் இல்லை, அதுதான் சமையலறை.

விளக்கு ஏன் நீலமாக இருக்கிறது? கடல் நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். ஆழம்வரை போவது நீலம்தான். அந்த நுண்பாசிகளும் 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தப் பழகியவை. வீட்டு டியூப்லைட்டை நம்பி வைத்தால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

அதற்காக விளக்கு எவ்வளவுக்கு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளை விடும் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் எரிந்தால் போதும். புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் போட்டால் பாசி அந்த ஒளியைத் தாங்காது. அதிலிருந்து நச்சு உருவாகும், பவளம் தன் உடலில் இருந்த பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும்.

நம்ம ஊர் வெயிலும் கரண்ட் பில்லும்

பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பெரம்பலூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது சில்லர் இல்லாமல் முடியாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 150 வாட் விளக்கு 9 மணி நேரம், 250 வாட் சில்லர் 10 மணி நேரம், 60 வாட் மோட்டார்கள் நாள் முழுக்க. நாளைக்கு சுமார் 5.3 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 320 யூனிட் பக்கம் வரும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நிம்மதி இந்தத் தொட்டி ஒன்றிலேயே கரைந்துவிடும்.

போர் தண்ணீரையும் ஊற்ற முடியாது. வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கலவை போட வேண்டும். 200 லிட்டர் தொட்டி என்றால் 7 கிலோ. ராத்திரி கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வேண்டும். இதையெல்லாம் பணம் இருந்தால் சமாளிக்கலாம். பணத்தால் சமாளிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

பவளம் எங்கிருந்து வருகிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளங்கள் இருக்கின்றன. பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை அதில் அடக்கம். புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதேதான் இவற்றுக்கும். கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். செத்த பவளத் துண்டை ஷோகேஸ் பொருளாக விற்றாலும் குற்றம்தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

'இது இம்போர்ட்டட் சார், பிரச்சினை வராது' என்று விற்பவர் சொல்லலாம். அட்டவணையில் இருப்பது கல் பவளங்களின் மொத்த வரிசையும். இந்த நாட்டுப் பவளம், அந்த நாட்டுப் பவளம் என்ற பிரிவு அதில் கிடையாது. வெளிநாட்டுப் பவள வணிகத்துக்கும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாடு உண்டு. காகிதம் இல்லாத பவளத்தை வாங்குபவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்வார்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி பக்கம் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிப்போனதற்கு அது முக்கியக் காரணம். மிச்சமிருந்த பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சூடானபோது பெருமளவில் வெளுத்தன. நம் வீட்டுத் தொட்டியில் சில்லர் நின்றுபோனால் என்ன ஆகுமோ, அதேதான் அங்கே நடந்தது. கடலுக்கு யார் சில்லர் மாட்டுவது?

அதே தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு, அழிந்த இடங்களை மீட்டு வருகிறது. ஒரு பக்கம் இப்படி நட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் ஹாலுக்கு அழகாக இருக்கும் என்று பிடுங்கி வருவது நியாயமா?

அப்போ ஆசையை என்ன செய்வது?

ஆசையை விட வேண்டாம், பவளத்தை மட்டும் விட்டுவிடலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. இப்படி வளர்த்த மீன்தானா என்று கடையில் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் இல்லை. பவளத்துக்குப் பதிலாகப் பீங்கானில் செய்த செயற்கைப் பாறை போதும். விளக்கும் சாதாரண எல்இடி போதும், செலவு பாதியாகக் குறையும். தண்ணீர் தயாரான பிறகும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல் பொறுமையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பாடாலூர்க்காரர்கள் பவளம் பார்க்க ராமேஸ்வரம் வரை போக வேண்டியதில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியே கடல்தான். பக்கத்து ஊட்டத்தூரின் பெயரை ஒரு பாறைத் தொகுதிக்கே வைத்தார் ஹென்றி பிளான்ஃபோர்ட், 1862-இல். காரை பக்கத்துச் செம்மண் ஓடைகளில் அந்தக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் படிமங்கள் இன்றும் கிடக்கின்றன. கல்லக்குடி என்றதும் நமக்கு 1953 போராட்டம் ஞாபகம் வரும். அந்த ஊரின் சுண்ணாம்புக்கல்லில் பழைய பவளப்பாறையே இருக்கிறது. அதை வெட்டித்தான் சிமெண்ட் ஆக்கினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலுக்கு முன்னே கிளம்பி, வாரணவாசியில் உள்ள அரியலூர் புதைபடிம அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காரைக்கும் போகலாம், ஆனால் அங்கே எதையும் பொறுக்கி பையில் போடாமல் போட்டோ மட்டும் எடுத்து வாருங்கள். நம்ம ஊர்ப் பவளம் கல்லாகிவிட்டது. மன்னார் வளைகுடாவில் மிச்சம் இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.