14 ஜோடி

2019இல் எங்கள் கல்லூரி வளாகத்தில் மாணவியர் விடுதிக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. கட்டடக் குழுவில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். குளியலறை ஓடு என்ன நிறத்தில் இருக்கலாம் என்பதுதான் முதல் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. பிறகொரு கூட்டத்தில் ஒப்பந்தக்காரரின் கோப்பு வந்தது. ஆந்திரத்துக்காரர், மூன்று மாநிலங்களில் வேலை எடுப்பவர். வரிச் சான்று, பாதுகாப்பு உறுதிமொழி, எல்லாம் கச்சிதம். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நானும் இட்டேன்.

அந்தக் கோப்பை எதிர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன். என் கையெழுத்தையும் சேர்த்து.

கம்பி ஏற்றிய லாரி மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் இ-வே பில் வேண்டும். யார் அனுப்பியது, யாருக்கு, எந்த வண்டியில் என எல்லாம் அதில் இருக்கும். கட்டடம் தமிழ்நாட்டில் நிற்பதால் அதற்கான ஜிஎஸ்டி தமிழ்நாட்டுக் கணக்கில் வரும். கம்பிக்கும் சிமென்டுக்கும் கொடுத்த வரியை ஒப்பந்தக்காரர் தாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். அதனால் ஒரு பில்லைக்கூடத் தொலைக்கமாட்டார். அரசுக்கும் அந்தத் தாள் வேண்டும், அவருக்கும் வேண்டும்.

அதே எல்லையை ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து தாண்டி வந்த பெண்ணுக்கு என்ன தாள் இருந்தது?

ஒருநாள் வகுப்பு முடிந்து வரும் வழியில் சாரத்துக்கடியில் தூளி ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே குழந்தை. மேலே சென்ட்ரிங் பலகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு, வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அத்தனையும் ஆண் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஜோ' என்று ஓர் எழுத்து. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை: 14 ஜோடி.

"புருஷன் பேர்ல ரெண்டு பேர் கூலியும் போயிடும் மேடம். அது அவங்க ஊர் வழக்கம்" என்றார்.

மனைவியின் கூலியைக் கணவன் கையில் கொடுப்பது எந்த ஊரில்தான் வழக்கமில்லை? அந்த வழக்கத்தால் மிச்சப்படுவது யாருக்கு என்று பார்ப்போம். அங்கே மூன்று மேஸ்திரிகள், மூன்று பதிவேடுகள்: 14, 19, 22 ஜோடி. கூட்டினால் 55 பெண்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. மூன்றாகப் பிரித்தால் எந்தப் பதிவேட்டிலும் 50 இல்லை. ஜோடியாக எழுதினால் பெண்ணே இல்லை. ஒரு தூளியை அந்த இடத்தில் தொங்கவிட்டது இந்தக் கணக்குதான்.

1976இன் சம ஊதியச் சட்டமும் இங்கே செயலற்றுப்போனது. கணவன் கூலியோடு ஒப்பிட அவளுக்கென்று ஒரு தொகை இருந்தால்தானே? கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலத்துக்கென வசூலிக்கப்படுகிறது. எங்கள் கல்லூரியும் கட்டியது. அதில் பயன்பெற அவள் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். 'ஜோ' என்ற எழுத்தை எந்த அலுவலர் சான்றாக ஏற்பார்?

தலைக்கவசம் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் பெரிய பலகை, தலைக்கவசமின்றி உள்ளே வரக்கூடாது என்று. கலவைச் சட்டியைத் தலையில் சுமப்பவளுக்குச் சும்மாடுதான் கவசம். தலைக்கவசத்தின் மேல் சும்மாடு நிற்காது. விதி எழுதியவர்களின் கண்ணில் தலையால் வேலை செய்யும் உடம்பு படவே இல்லை. நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. சிறு ஆள், சிற்றாள், சித்தாள். ஆண் உதவியாளனுக்குப் பெரியாள் என்று பெயர். இருபது ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லை ஒருநாளும் வகுப்பில் பிரித்துக் காட்டியதில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், பெண்களும் இருந்தார்கள். நாங்கள் கையெழுத்திட்டது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

1979இன் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றது. ஒவ்வொருவருக்கும் ஒளிப்படத்தோடு கைப்புத்தகம் கேட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கியது. இடப்பெயர்வுப் படியையும் விட்டுவிட்டது. தானாகவே புறப்பட்டு வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்கிறது, அது நல்லதுதான். ஆனால் பதிவேட்டில் பெயரில்லாதவள் எந்த எண்ணிக்கையில் வருவாள்?

ஏற்கெனவே எத்தனை படிவம், இன்னும் ஒன்றா என்று ஒப்பந்தக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். லாரியின் எண்ணை எழுத முடிகிறவர்களுக்குப் பெண்ணின் பெயரை எழுதவா கை வலிக்கிறது? ஒரு பெண்ணுக்கு ஒரு வரி, அவள் பெயரில் கூலி, அவளுடைய கணக்கில். மேஸ்திரிவாரியாக அல்ல, வேலையிடம் முழுவதையும் சேர்த்து எண்ணிக்கை. இது முடியும்வரை ஒப்பந்தக்காரரின் பில் பாஸாகக் கூடாது. பணம் கொடுக்கும் நிறுவனம் இதைச் செய்ய வைக்க முடியும். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறிய கூலிக்கு முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்று 1979 சட்டமே சொன்னது. அதாவது நாங்கள்.

தூளியை மறுநாள் வேறு மரத்துக்கு மாற்றினார்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அடுத்த பதிவேட்டிலும் 'ஜோ'தான். விடுதி வாசல் கல்வெட்டில் குழுவினர் பெயர்களுக்கிடையே என் பெயரும் பட்டத்தோடு இருக்கிறது.

உங்கள் கல்லூரியிலும் இப்போது எங்காவது ஜல்லி கொட்டிக் கிடக்கும். போய் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். மேஸ்திரிகள் எத்தனை பேரோ அத்தனை பதிவேட்டையும் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். தர மறுத்தால் யார் மறுத்தார், என்றைக்கு என்று எழுதி முதல்வரிடம் கொடுங்கள், நகலொன்றைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். கட்டடக் குழுவில் பெண் உறுப்பினர் ஒருவர் இருப்பார். அவரிடமும் கேளுங்கள், அவர் எதில் கையெழுத்திட்டார் என்று.