சேவை வணிகமும் கடல் கடந்த உழைப்பும்

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் புதுச்சேரியிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவை அடைந்தது. குவாதலூப், ரீயூனியன் தீவுகளுக்கும் இவ்வாறே பல்லாயிரவர் சென்றனர்.

பிரிட்டனும் பிரான்சும் 1861 ஜூலை 1 அன்று செய்துகொண்ட உடன்படிக்கை இக்குடிபெயர்வுக்கு விதிகள் வகுத்தது. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு; வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேர வேலை; தவணை முடிந்தோர் ஊர் திரும்பப் பிரெஞ்சு அரசே கப்பற்கட்டணம் தர வேண்டும்; ஆள் ஏற்றும் துறைமுகத்தில் பிரிட்டிஷ் முகவர் மேற்பார்வையிடுவார். ஏட்டில் இவ்வளவு இருந்தும் ரீயூனியன் தோட்டங்களில் அவை மீறப்பட்டன. 1877-இல் கோல்ட்ஸ்மிட், மியோ என்னும் இரு நாட்டு அதிகாரிகளும் அத்தீவில் நேரில் விசாரித்தனர். 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அங்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திற்று. தன் சொந்தக் கரும்புத் தீவுகளுக்கு அதே முறையில் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த பேரரசின் இரக்கத்தை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆயினும் நேரில் சென்று கேட்கவும், கேட்டபின் தடுக்கவும் ஓர் அதிகாரம் அன்று இருந்தது.

இன்றைய நிலை என்ன? உலக வணிக அமைப்புடன் 1995-இல் நடைமுறைக்கு வந்த சேவை வணிகப் பொது ஒப்பந்தம், ஆட்கள் அயல்நாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்று சேவை வழங்குவதை ‘நான்காம் முறை’ என வகுக்கிறது. அதன் பின்னிணைப்போ, பிற நாட்டு வேலைச் சந்தையில் வேலை தேடுவோருக்கு இவ்விதிகள் பொருந்தா என்கிறது. நாடுகள் அளித்துள்ள உறுதிமொழிகளும் பெரும்பாலும் நிறுவன மேலாளர், வல்லுநர் ஆகியோருடன் நின்றுவிடுகின்றன. அமெரிக்கா எச்-1பி, எல்-1 விசாக் கட்டணங்களை உயர்த்தியபோது 2016-இல் இந்தியா உலக வணிக அமைப்பில் முறையிட்டது. வளைகுடாவில் முதலாளி கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், அந்தக் கொத்தனாருக்காக அம்மன்றத்தின் படியேற வழியில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்பாட்டிலும் ஆண்டுக்கு 1,800 சமையற்கலைஞர், யோகா பயிற்றுநர், இசைக்கலைஞர் ஆகியோருக்கே தனியிடம் கிடைத்தது.

எஞ்சியோருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமே துணை. அதன்கீழ் பதிவு பெற்ற முகவர், தொழிலாளி ஒருவரிடமிருந்து 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம். நகை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, அந்த வரம்பைப் போலப் பன்மடங்கு கட்டிவிட்டு விமானம் ஏறுபவர், அங்கே பேசிய சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாலும் வாய் திறப்பதில்லை. கடன் தீரும்வரை அவர் திரும்பிவர முடியாது. துறைமுகத்தில் நின்ற அன்றைய கூலிக்குக் கப்பற்கட்டணக் கடனாவது இல்லை.

அச்சட்டத்துக்கு மாற்றாக நடுவணரசு 2025-இல் மசோதா வரைவொன்றை வெளியிட்டது. 1882-இல் போல ஒட்டுமொத்தத் தடையை நாம் கோரவில்லை. தடை வந்தால் ஆட்கள் சுற்றுலா விசாவில் செல்வர். வரவிருக்கும் புதிய சட்டத்திலும், இனி இந்தியா செய்யும் ஒவ்வொரு வணிக உடன்பாட்டிலும், ஆள்சேர்ப்புக் கட்டணத்தை வேலை தருபவரே ஏற்கவும், உழைப்பாளி முதலாளியை மாற்றிக்கொள்ளவும், இரு நாட்டு அலுவலரும் பணியிடத்தை நேரில் ஆய்வு செய்யவும் வகை செய்ய வேண்டும். புதுச்சேரி அரசும் தன் பங்குக்கு, முகவர்மீது புகார் தரவும் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்து விளக்கம் பெறவும் நகரிலும் காரைக்காலிலும் அலுவலகங்கள் திறக்கட்டும்.